எந்த வழி, எத்தனையாவது நாள்: பெருந்தொற்றில் எங்கள் வீட்டை நடத்திய இரண்டு கேள்விகள்

கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் வீட்டில் எடுத்த முடிவுகளுள் உருப்படியானவை எல்லாம் இரண்டு கேள்விகளிலிருந்து பிறந்தவை. கிருமி எந்த வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது என்பது முதற்கேள்வி. நோய் தொடங்கி இது எத்தனையாவது நாள் என்பது இரண்டாவது. எந்த மருந்து நல்லது, எங்கே படுக்கை கிடைக்கும், யாரால் வந்தது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், இந்த இரண்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும்படி சொன்னவர் செவிலியராகப் பணிபுரியும் என் அக்கா. அவர் வேறு ஊரில் தொற்றுப் பிரிவில் பணியில் இருந்தார். இங்கே, எழுபது வயதைக் கடந்தவரும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவருமான அப்பா, அம்மா, எங்களோடு தங்கிக் கல்லூரிக்குச் சென்றுவந்த தம்பி மகன், நான் என நால்வர் இருந்தோம். நான் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவன். மருத்துவம் படித்தவன் அல்லன். ஆகவே இதில் வரும் மருத்துவச் செய்திகளைச் சிகிச்சை அறிவுரையாகக் கொள்ளாமல், சிகிச்சை பற்றி மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க உதவும் செய்திகளாகக் கொள்ள வேண்டுகிறேன்.

வைரஸ் என்றால் என்ன என்பதை அக்கா விளக்கிய முறை எனக்குப் பிடித்திருந்தது. அது என்னவெல்லாம் செய்யும் என்று தொடங்காமல், அதனால் எவையெல்லாம் முடியாது என்று தொடங்கினார். வைரஸால் உண்ண முடியாது, வளர முடியாது, தானாக நகர முடியாது. உயிருள்ள ஓர் உயிரணுவுக்குள் (செல்லுக்குள்) நுழையாமல் தன்னைப் போன்ற இன்னொன்றை உண்டாக்கவும் முடியாது. கோவிட்-19 நோயை உண்டாக்கும் சார்ஸ்-கோவி-2 ஏறத்தாழ 100 நானோமீட்டர் குறுக்களவு கொண்டது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 10,000 துகள்களை வரிசையாக அடுக்கிவிடலாம். அதனுள் இருப்பது வைரஸின் மரபுச் செய்தியைத் தாங்கிய, சுமார் 30,000 எழுத்துகள் நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. அந்த இழையைச் சுற்றி, தான் உருவான உயிரணுவிடமிருந்தே எடுத்துக்கொண்ட கொழுப்பு உறை இருக்கிறது. உறையின்மேல் கூர்ப்புரதங்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. நம் மூக்கிலும் நுரையீரலிலும் உள்ள சில உயிரணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் ஏ.சி.இ.2 என்னும் ஏற்பியோடு அந்தக் கூர்ப்புரதம் பொருந்தினால் உள்ளே செல்லும் வழி திறக்கிறது. சென்றபின், நமக்குத் தேவையான புரதங்களைச் செய்துகொண்டிருந்த உயிரணு வைரஸுக்குத் தேவையானவற்றைச் செய்யத் தொடங்கிவிடுகிறது.

இந்தச் சிறிய விளக்கத்திலிருந்தே பல நடைமுறைச் செய்திகள் தாமாகக் கிளைத்தன. வெளியுறை கொழுப்பால் ஆனது என்பதால் சாதாரண சோப்பு அதைக் குலைத்துவிடுகிறது. அதற்கென விலை கூடிய கிருமிநாசினி எதுவும் வேண்டியதில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸுக்கு இத்தகைய கொழுப்பு உறை இல்லை. ஆகவே அதற்கு ஆல்கஹால் கலந்த கைத்தூய்மி போதாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவ வேண்டும். ஒரு கிருமிக்குச் சரியான தடுப்பு இன்னொரு கிருமிக்குச் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இதில்தான் உணர்ந்தேன். ஆன்டிபயாடிக் மருந்துகள் பற்றிய குழப்பமும் இங்கேயே தெளிந்தது. அந்த மருந்துகள் பாக்டீரியாவின் செல் சுவரையோ, அதன் புரத உற்பத்தி அமைப்பையோ தாக்குபவை. வைரஸுக்குச் செல் சுவரும் இல்லை, சொந்தமாகப் புரதம் செய்யும் அமைப்பும் இல்லை. "காய்ச்சலுக்கு ஏன் ஆன்டிபயாடிக் எழுதித் தரவில்லை? அந்த மருத்துவருக்கு அனுபவம் போதாதோ?" என்று அப்பா ஐயப்பட்டபோது, தாக்குவதற்கு அங்கே இலக்கே இல்லை என்று சொன்னேன். அவர் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை என்றாலும், பழைய மருந்துச் சீட்டைக் கொண்டு தாமே வாங்கிவரும் எண்ணத்தைக் கைவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொருளை மனிதர்கள் கண்டுகொண்ட வரலாறும் நீண்ட தனிமை நாட்களில் எனக்கு நல்ல துணையாக இருந்தது. 1892இல் ரஷ்ய அறிஞர் திமித்ரி இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் செடியின் சாற்றைப் பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்த பிறகும் அது நோயைப் பரப்புவதைக் கண்டார். 1898இல் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பேயரிங்க், இது பாக்டீரியாவிலிருந்து வேறுபட்டது என்றும், உயிருள்ள செல்களில் மட்டுமே பெருகுகிறது என்றும் முடிவுகட்டினார். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே, 1930களின் இறுதியில், வைரஸின் உருவத்தைப் பார்க்க முடிந்தது. அதாவது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஒருவரும் பார்த்திராத ஒன்றின் நடத்தையை அதன் விளைவுகளைக் கொண்டே அறிவியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: எல்லா வைரஸ்களும் நமக்குப் பகை இல்லை. மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு பழங்கால ரெட்ரோவைரஸ்கள் (தம் மரபணுவைத் தாம் தொற்றிய உயிரின் மரபணுவோடு சேர்த்துவிடும் வகை) விட்டுச்சென்றது. கருவிலிருக்கும் குழந்தைக்கு உணவளிக்கும் நச்சுக்கொடி உருவாகத் தேவையான சின்சிட்டின் என்னும் புரதமும் அப்படி வந்ததுதான். இதைக் கேட்ட அம்மா, "அப்படியானால் எதை எதிரி என்பது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இனி முதற்கேள்விக்கு வருகிறேன். தொடக்க மாதங்களில் உலகெங்கும் மக்கள் கதவுக் கைப்பிடிகளையும் பைகளையும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். 2020 மார்ச் இறுதியில் உலக சுகாதார நிறுவனம், கோவிட்-19 காற்றின் வழியாகப் பரவுவது இல்லை என்று சமூக ஊடகத்தில் அழுத்தமாகவே அறிவித்தது. இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் பெரிய துளிகள் ஓரிரு மீட்டர் தொலைவுக்குள் கீழே விழுந்துவிடும், ஆகவே இடைவெளியும் கை கழுவுதலும் போதும் என்பதே அப்போதைய எண்ணம். ஆனால் அதே மாதத்தில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பாடகர் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் உள்ளரங்கில் பாடிப் பயிற்சி செய்தது. வந்திருந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் உண்டானது அல்லது உண்டானதாகக் கருதப்பட்டது, இருவர் இறந்தனர். அறையின் மறுபக்கத்தில் இருந்தவர்களுக்கும் சேர்த்து இத்தனை பேருக்குத் தொற்றியதைத் துளிகளைக் கொண்டு மட்டும் விளக்குவது கடினம். 2020 ஜூலையில் 239 அறிவியலாளர்கள் காற்றுவழிப் பரவலைக் கருத்தில் கொள்ளும்படி பகிரங்கமாக எழுதினார்கள். அதிகாரபூர்வ அறிவுரைகள் மெதுவாக மாறின. இதில் மிகவும் தாமதம் நிகழ்ந்தது என்பது என் கருத்து. அறைகளைக் காற்றோட்டமாக மாற்றச் செலவிட்டிருக்க வேண்டிய உழைப்பு பல மாதங்கள் மேசைகளைத் துடைப்பதில் போயிற்று.

மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் மிக நுண்ணிய துகள்கள் மூடிய அறையில் சிகரெட் புகை தங்குவதுபோல் மிதந்து தங்குகின்றன என்பதை மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகு, வீட்டை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பதோடு, எவ்வளவு நேரம், எவ்வளவு அடைந்த இடத்தில், எவ்வளவு உரக்கப் பேசிக்கொண்டு என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருந்தது. திறந்த வெளியில் ஒருவரோடு நின்று பத்து நிமிடம் பேசுவதைவிட, முன்பு ஒருவர் இருந்து இருமிவிட்டுப் போன சன்னல் இல்லாத அறையில் தனியாக அமர்ந்திருப்பது ஆபத்தாக இருக்கக்கூடும். மின்விசிறி அறைக்குள் இருக்கும் காற்றைக் கலக்குமே தவிர, புதிய காற்றைக் கொண்டுவராது. அறைக்குள்ளேயே காற்றைச் சுழற்றும் குளிர்சாதனமும் அப்படித்தான். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு திறப்புகள் இருந்தால் ஒரு பெரிய சன்னலைவிடப் பயன் அதிகம். காற்றை வெளியே தள்ளும் விசிறியை நோயாளியின் அறையில் வைத்தால், வீட்டின் மற்றப் பகுதியிலிருந்து காற்று அந்த அறைக்குள் சென்று, அங்கிருந்து வெளியேறுகிறது. நோயாளியின் மூச்சுக்காற்று வீட்டுக்குள் திரும்புவது குறைகிறது. விசிறியை எந்தத் திசையில் பொருத்துகிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. திசை மாறினால் பயன் தலைகீழாகும். கதவிடுக்கில் ஒரு மெல்லிய தாளைப் பிடித்து, அது அறைக்குள் இழுக்கப்படுகிறதா, வெளியே தள்ளப்படுகிறதா என்று பார்த்து இதை உறுதிசெய்துகொள்ளலாம்.

பின்னாளில் கரியமில வாயு அளவிடும் சிறு கருவியை ஒரு நண்பர் இரவல் தந்தார். வெளிக்காற்றில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு கரியமில வாயு இருக்கிறது. மனிதர்கள் நிறைந்த, அடைத்த அறையில் அது ஆயிரத்தையும் தாண்டிச் செல்லும். அந்தக் கருவி வைரஸைக் கண்டுபிடிக்காது. பிறர் விட்ட மூச்சை நாம் எவ்வளவு மீண்டும் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை மட்டுமே காட்டும். ஆனால் இரவு முழுவதும் மூடிக்கிடந்த எங்கள் படுக்கையறையில் அந்த எண் ஏறிய வேகத்தைக் கண்ட பிறகு, சன்னலைத் திறக்கும்படி நான் யாரிடமும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

முகக்கவசம் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். என்95 வகைக் கவசத்தின் இழைகளில் மின்னேற்றம் இருக்கிறது. சல்லடை பிடிக்க முடியாத அளவு நுண்ணிய துகள்களையும் அது ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது. சோப்பிட்டுத் துவைத்தால் அந்த மின்னேற்றம் போய்விடும். ஆகவே துவைத்து உலர்த்திய என்95 பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது. ஒருமுறை அணிந்ததைக் காகித உறையில் போட்டுச் சில நாட்கள் காற்றாட விட்டு மாற்றி மாற்றி அணிவதே தட்டுப்பாட்டுக் காலத்தில் நடைமுறைக்கு ஒத்தது. அதைவிடப் பெரிய சிக்கல், கவசம் முகத்தோடு ஒட்டாமல் மூக்கின் இருபுறமும் இடைவெளி விடுவது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மேலே கசிகிறது என்று அறிந்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் அதற்கு அம்மாவின் கண்ணாடியே அளவுகோலாக இருந்தது.

இரண்டாவது கேள்வியான நாட்கணக்கு, தம்பி மகனுக்குத் தொண்டை வலி தொடங்கியபோது எங்களுக்குத் தேவைப்பட்டது. அப்போது தடுப்பூசி எங்கள் வீட்டில் யாருக்கும் எட்டியிருக்கவில்லை. அக்கா முதலில் கேட்டது காய்ச்சல் எவ்வளவு என்பதை அன்று. "என்றைக்குத் தொடங்கியது? அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் யாரோடெல்லாம் ஓர் அறையில் இருந்தான்?" என்று கேட்டார். சார்ஸ்-கோவி-2 தொற்றியவர் அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பிருந்தே பிறருக்குப் பரப்பக்கூடும். அறிகுறி தொடங்கும் வேளையில் பரப்பும் ஆற்றல் உச்சத்தில் இருக்கிறது. 2003இல் பரவிய முதல் சார்ஸ் நோயில் இந்த உச்சம் நோய் முற்றிய பிறகு, பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த பின்னரே வந்தது. நோயாளிகளைக் கண்டறிந்து தனிமைப்படுத்தியே ஏறத்தாழ 8,000 பேரோடு அந்த நோயை அடக்க முடிந்ததற்கு இது முக்கியக் காரணம். இரண்டும் நெருங்கிய உறவுள்ள வைரஸ்கள்தாம். பரப்பும் நாட்கள் எப்போது தொடங்குகின்றன என்ற வேறுபாடே முக்கியமாக ஒன்றைச் சில மாதங்களில் மறையவும் மற்றொன்றை உலகம் முழுவதும் பரவவும் விட்டது.

பரிசோதனையும் நாட்கணக்கைச் சார்ந்ததே. தொற்று ஏற்பட்ட மறுநாளே சோதித்து "நெகட்டிவ்" வந்துவிட்டது என்று நிம்மதி அடைவதில் பொருள் இல்லை, ஏனெனில் அப்போது மூக்கில் கண்டுபிடிக்கும் அளவுக்கு வைரஸ் பெருகியிருக்காது. முதலில் பரவிய வகையில் தொற்றுக்கும் அறிகுறிக்கும் இடையே சராசரியாக ஐந்து நாட்களும், சிலருக்கு இரண்டு வாரங்கள் வரையும் ஆயின. பின்னால் வந்த ஓமிக்ரான் வகையில் அது குறைந்தது. வைரஸின் புரதத்தைத் தேடும், வீட்டிலேயே செய்யும் ஆன்டிஜென் சோதனையில் நெகட்டிவ் வந்தாலும், அறிகுறி இருந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி சோதிப்பது நல்லது. மாறாக, வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை மிக நுட்பமானது. தொற்று ஓய்ந்து பிறருக்குப் பரப்ப இயலாத நிலைக்கு வந்த பிறகும் எஞ்சிய ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு அது பல வாரங்கள் "பாசிட்டிவ்" காட்டலாம். பி.சி.ஆர். நெகட்டிவ் வந்தால்தான் வேலைக்கு வரலாம் என்று பலரை வீட்டிலேயே இருத்திவைத்த விதிகள், சோதனை எதை அளக்கிறது என்பதை அறியாமல் எழுதப்பட்டவை.

தம்பி மகன் விரைவில் தேறினான். அப்பாவுக்கு அவனுக்குப் பின் சில நாட்கள் கழித்துக் காய்ச்சல் வந்தது. ஒரு பழைய பேரேட்டில் அவருக்கென ஒரு பக்கம் ஒதுக்கி, அறிகுறி தொடங்கிய நாளை முதல் நாள் என்று குறித்து, காலை, பகல், இரவு என வெப்பநிலை, நாடித்துடிப்பு, உயிர்வளி (ஆக்சிஜன்) அளவு, சர்க்கரை அளவு, குடித்த நீர், உட்கொண்ட மருந்து ஆகியவற்றை எழுதத் தொடங்கினேன். தொழில் பழக்கம் இப்படி உதவும் என்று நினைத்ததில்லை. மருத்துவரோடு தொலைபேசியில் பேசக் கிடைக்கும் மிகச் சில நிமிடங்களில், "ரொம்ப முடியவில்லை" என்று சொல்வதற்கும், உயிர்வளி நேற்று இரவு 96 விழுக்காடு இருந்தது, காலையில் 95, நடந்தபின் 91 என்று படித்துக் காட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

முதல் வாரம் ஓரளவு அமைதியாகவே சென்றது. காய்ச்சல் தணிந்தது. அப்பா, நோய் போய்விட்டது என்றார். அக்கா அதை ஒப்பவில்லை. இந்த நோயில் முதல் வாரத்தில் வைரஸ் பெருகுவது முதன்மையாக இருக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்படுபவர்களுக்கு, அதன்பின் ஏறத்தாழ இரண்டாம் வாரத் தொடக்கத்தில், உடலின் எதிர்வினையே மிகையாகி நுரையீரலில் அழற்சியை உண்டாக்குகிறது. ஆகவே காய்ச்சல் குறைந்த அந்த இடைவெளியில்தான் கவனத்தைக் கூட்ட வேண்டும் என்றார். அதோடு, மூச்சுத்திணறல் தோன்றட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது என்றும் வலியுறுத்தினார். நமக்கு மூச்சு முட்டுவது போன்ற உணர்வைத் தருவது பெரும்பாலும் இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதே. உயிர்வளி குறைவதை உடல் அவ்வளவு விரைவாக உணர்த்துவதில்லை. இந்த நோயில் பலருக்கு நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருந்ததால், உயிர்வளி ஆபத்தான அளவுக்கு இறங்கிய பிறகும் அவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் இரத்தத்தின் உயிர்வளி அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அரிய கருவியாக இருந்தது. அதைச் சரியாகப் பயன்படுத்துவதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். நகப்பூச்சு இருக்கக் கூடாது. சில நிமிடங்கள் அமர்ந்து ஓய்வெடுத்தபின், எண் நிலையாகும் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். நோய் வருவதற்கு முன்பே வீட்டில் ஒவ்வொருவருக்கும் இயல்பாக எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வைத்திருப்பது மிகவும் பயன்படும். ஒளி தோலை ஊடுருவிச் செல்வதைக் கொண்டு இக்கருவி அளக்கிறது. தோல் கருமையாக இருப்பவர்களுக்கு உண்மையில் இருப்பதைவிட அதிகமாக அது காட்டிவிடக்கூடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மறைந்திருந்த உயிர்வளிக் குறைவைக் கருவி தவறவிட்ட அளவு வெள்ளை இனத்தவரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. நம்மில் பலரின் தோலும் கருமையானது என்பதால், ஓர் எண்ணை மட்டும் நம்பாமல் அது நாளுக்கு நாள் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்ப்பது நல்லது. 94க்குக் கீழே சென்றாலோ, அறைக்குள் சில நிமிடம் நடந்தபின் மூன்று புள்ளிகளுக்கு மேல் குறைந்தாலோ உடனே அழைக்கும்படி எங்கள் மருத்துவர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு இரண்டாம் வாரத் தொடக்கத்தில் அப்படித்தான் குறைந்தது. அவரோ, தமக்கு ஒன்றுமில்லை என்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது உயிர்வளியோடு டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மலிவான மருந்து அது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், உயிர்வளி மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததைக் காட்டியது. உயிர்வளி தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பயனும் தெரியவில்லை. தீங்காக இருக்கலாம் என்ற குறிப்பும் இருந்தது. அழற்சியை அடக்கும் மருந்து, உடல் வைரஸோடு போராடிக்கொண்டிருக்கும் முதல் நாட்களில் அந்தப் போராட்டத்தையே அடக்கிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது சர்க்கரையையும் ஏற்றிவிடும். ஒரே மாத்திரை ஒரு நாளில் உயிர்காப்பதாகவும் வேறொரு நாளில் கெடுப்பதாகவும் இருக்க முடியும் என்பது பலருக்குப் புரியவில்லை. "அங்கே கொடுத்துத் தேறிவிட்டார்களாம்" என்று கேள்விப்பட்டு, காய்ச்சல் கண்ட முதல் நாளே அதை வாங்கி விழுங்கியவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே இருந்தார்கள். வைரஸை நேரடியாகத் தடுக்கும் மருந்துகளுக்கு இதன் நேர்மாறான விதி: அவை அறிகுறி தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பெரும்பாலும் பயன் தருகின்றன.

மருத்துவமனை நாட்களைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை. அப்பா மருத்துவர்கள் சொன்னபடி நாளில் பல மணி நேரம் குப்புறப் படுத்திருந்தார். நுரையீரலின் முதுகுப்புறப் பகுதிகள் விரிந்து காற்றை வாங்க அது உதவுகிறது. உள்ளே செல்ல அனுமதி இல்லாத அந்நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்தவை மிக எளியவை. வழக்கமான மருந்துகளின் பெயரும் அளவும் ஒவ்வாமையும் எழுதிய ஒரு தாள், தொலைபேசி மின்னூட்டியும் நீளமான கம்பியும், மூக்குக்கண்ணாடி, பெயர் எழுதிய பல் செட்டுப் பெட்டி, இவை ஒரு பையில் முன்பே தயாராக இருந்தன. மருத்துவமனையோடு பேச ஒருவர், உறவினர்களுக்குச் செய்தி சொல்ல வேறொருவர் என்று பிரித்துக்கொண்டோம். இந்தப் பிரிவினை இல்லாவிட்டால், ஒரே செய்தியை இருபது பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியே பொழுது போய்விடும். ஒவ்வொருவரும் தரும் ஆறுதலைத் தாங்குவதற்கும் தனியாக வலிமை வேண்டியிருக்கும்.

கணக்கு தொழிலாக இருந்தும், என்னை வியக்க வைத்தது பெருக்கத்தின் வேகம். மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் தொற்று, ஒரு மாதத்தில் பத்து முறை இரட்டித்து, ஒருவரை 1,024 ஆக்கிவிடும். அந்த மாதத்தின் இருபதாம் நாளில்கூட எண்ணிக்கை நூறு அளவில்தான் இருக்கும். கவலைப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும். தொற்று ஏற்பட்டவர் மருத்துவமனைக்கு வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகிவிடுவதால், இன்று நிரம்பும் படுக்கைகள் இரு வாரங்களுக்கு முந்தைய நிலவரத்தைக் காட்டுகின்றன. படுக்கைகள் நிரம்புவதைப் பார்த்த பின் கட்டுப்பாடு கொண்டுவந்தால், அந்த நேரத்தில் ஏற்கெனவே தொற்றியிருப்பவர்கள் அடுத்த இரு வாரங்களும் வந்துகொண்டேதான் இருப்பார்கள். உயிர்வளித் தட்டுப்பாடு திடீரென்று வந்ததாகப் பேசப்பட்ட இடங்களில் எல்லாம், அது வருகிறது என்பதை எண்கள் முன்பே காட்டியிருந்தன.

பரவல் சீராக நடப்பதில்லை என்பதும் முக்கியமானது. தொற்றியவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் பரப்புவதில்லை, அல்லது ஒருவருக்குப் பரப்புகிறார்கள். ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காட்டினரே 80 விழுக்காடு பரவலுக்குக் காரணமாக இருக்கிறார்கள் எனப் பல ஆய்வுகள் கணித்தன. "எனக்கு வந்தது, வீட்டில் யாருக்கும் ஒட்டவில்லை, எல்லாம் வீண் பயம்" என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டது பெரும்பான்மை அனுபவமே. ஆனால் அந்தப் பெரும்பான்மையைக் கொண்டு, ஓர் அறையில் ஐம்பது பேருக்குப் பரவும் நிகழ்வைத் தடுக்க முடியாது. கூட்டமான, அடைந்த, நெடுநேரம் உரக்கப் பேசும் இடங்களைத் தவிர்த்தாலே பரவலின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையான செய்தியும் இதே எண்ணிக்கைக்குள் இருக்கிறது. பூங்காக்களையும் கடற்கரைகளையும் அடைத்த அரசுகள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தன என்று நினைக்கிறேன்.

தடுப்பூசி வந்தபோது அம்மாவுக்கு இருந்த ஐயம், இவ்வளவு விரைவில் செய்தது எப்படிப் பாதுகாப்பாக இருக்கும் என்பது. நியாயமான ஐயம் அது. வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று பிரிட்டனில் பொதுமக்களுக்கு முதல் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி (கூர்ப்புரதத்தைச் செய்யும் குறிப்பை நம் உயிரணுக்களுக்குக் கொடுக்கும் வகை) போடப்பட்டது. இடையில் பதினொரு மாதங்கள்தான். ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படைச் சிக்கலைக் கத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இலேயே தீர்த்து வெளியிட்டிருந்தார்கள். அதற்காக 2023இல் நோபல் பரிசு பெற்றார்கள். கூர்ப்புரதத்தை எந்த வடிவில் தடுப்பூசியில் வைக்க வேண்டும் என்பதை, மெர்ஸ் போன்ற முந்தைய கொரோனா வைரஸ்களில் செய்த ஆய்வுகள் சொல்லியிருந்தன. வழக்கமாக ஒன்று முடிந்தபின் ஒன்றாக நடக்கும் சோதனைக் கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நடந்தன. வெற்றி உறுதியாவதற்கு முன்பே உற்பத்தியும் தொடங்கியது. சோதனையில் பங்கெடுத்தவர்களோ பல்லாயிரம் பேர். இத்தனையையும் சொன்னபின் அம்மா கேட்டது ஒன்றே: "போட்டுக்கொண்டால் காய்ச்சல் வருமா?" வரலாம், ஓரிரு நாள் கை வலிக்கும் என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

போட்டுக்கொண்டும் தொற்று வந்தவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததற்கு, தடுப்பூசி எதைத் தடுக்கிறது என்பதைத் தொடக்கத்தில் தெளிவாகச் சொல்லாததே காரணம். மூக்கிலேயே வைரஸைத் தடுத்து நிறுத்தும் எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடிகள்) சில மாதங்களில் குறைந்துவிடுகின்றன. நினைவுச் செல்கள், டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களோ நீண்டகாலம் நிலைத்து, தொற்று கடுமையாக மாறுவதைத் தடுக்கின்றன. 2021 நவம்பரில் கண்டறியப்பட்ட ஓமிக்ரான் தன் கூர்ப்புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்து, முதல் வகைப் பாதுகாப்பை எளிதில் தாண்டியது. இரண்டாவது வகைப் பாதுகாப்பைப் பெரிதும் தாண்ட முடியவில்லை. பெரியம்மையை 1980க்குள் ஒழிக்க முடிந்ததே, இதை ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கும் பதில் வைரஸின் இயல்பிலேயே இருக்கிறது. பெரியம்மைக்கு மனிதரைத் தவிர வேறு புகலிடம் இல்லை. நோயுற்றவரைப் பார்த்த உடனே அடையாளம் காணலாம். ஒருமுறை பெற்ற எதிர்ப்பாற்றல் பல ஆண்டுகள் நிலைக்கும். கோவிட் வைரஸோ அறிகுறி இல்லாமல் பரவுகிறது, உருமாறுகிறது, மிங்க் போன்ற பண்ணை விலங்குகளிடமும் வட அமெரிக்க மான்களிடமும்கூடத் தங்கிவிட்டது.

நோய் தணிந்தபின் மீண்டுவருவதைப் பற்றி எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்பா எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறினார். எனக்கும் தொற்று வந்து எளிதாகவே சென்றிருந்தது; ஆனால் எனக்குத்தான் களைப்பு நீடித்தது. தொற்றுக்குப் பின் மூன்று மாத அளவில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதங்கள் நீடிக்கும், வேறு காரணம் கூற முடியாத இத்தகைய தொல்லைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறை தந்தது. சிலருக்கு உழைத்த அன்று ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்து எழுந்திருக்க முடியாமல் போகும். எனக்கும் அப்படியே இருந்தது. இந்த வகைக் களைப்பில், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு தினமும் கொஞ்சம் கூடுதலாக நடப்பது நிலைமையை மோசமாக்கும். களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திக்கொள்வது, ஒரு வேலையைத் துண்டுகளாக்கி இடையில் படுத்து ஓய்வெடுப்பது, நல்ல நாளில் விட்டதையெல்லாம் பிடிக்க முயலாமல் இருப்பது ஆகியவையே எனக்கு உதவின. உடலைப் பார்த்தால் நலமாகத் தோன்றுபவரை மற்றவர்கள் சோம்பேறி என்று எண்ணிவிடுகிறார்கள்; மேலாளருக்கு எழுதிக் கொடுக்க மருத்துவரின் குறிப்பு ஒன்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

2023 மே 5 அன்று உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும், வழக்கத்தைவிட ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று அதே நிறுவனம் கணித்திருந்தது. அதன்பின் எங்கள் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் வந்தால், அது எந்த வைரஸாக இருந்தாலும், நடைமுறை ஏறத்தாழ ஒன்றே. தொடங்கிய நாளைப் பேரேட்டில் குறிக்கிறோம். நோயுற்றவர் காற்றை வெளியே தள்ளும் விசிறி உள்ள அறைக்குப் போகிறார். அங்கே செல்பவர் என்95 அணிகிறார். சோதனையை இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை செய்கிறோம். இன்ஃப்ளுயன்சாவாக இருக்கலாம் என்று தோன்றினால், அதற்கான மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், அப்பாவையும் அம்மாவையும் பொறுத்தவரை காத்திருந்து பார்ப்பதில்லை; அன்றே மருத்துவரை அழைத்துவிடுகிறோம். இரண்டாம் வாரம் முடியும்வரை பேரேட்டுப் பக்கத்தை மூடுவதில்லை என்பது அக்காவின் கட்டளை. அப்பாவுக்கு இன்னும் அதில் உடன்பாடு இல்லை.